மூன்று மீட்டர் கேபிள்

அக்கா, கேபிள் வாங்கப் போகிறவர்கள் முனை பொருந்துகிறதா என்று மட்டும்தான் பார்க்கிறார்கள். நீளத்தையும் தடிமனையும் யாரும் பார்ப்பதில்லை. நான் பார்ப்பேன். முந்தாநாள் போனில் அழுதுகொண்டே கேட்டாயே, "மாத்திரை ஒழுங்காத்தான் குடுக்குறியா, அப்புறம் ஏன்டா இவருக்கு இன்னும் சரியாகல" என்று, அதற்கான பதிலைக் கேபிளிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

பஸ் படியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டபின் அத்தானுக்கு இரண்டு முறை வலிப்பு வந்தது. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் நீ என்னை ஊரிலிருந்து இந்த நாட்டுக்கு அனுப்பினாய். மாத்திரைக்கு அது நின்றுவிட்டது. ஆறு மாதம் ஒருமுறைகூட நினைவு தப்பாமல் இருந்தால் மறுபடி பஸ் ஓட்டலாம் என்றார் டாக்டர். கை பழக, கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஓட்டுகிற ஸ்டீயரிங் ஒன்றை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். மேசை விளிம்பில் இறுக்கி மாட்டுவது. உள்ளே மோட்டார் உண்டு. வளைவில் நிஜ வண்டி மாதிரியே கையை எதிர்த்து இழுக்கும். அத்தானுக்குச் சிரிப்பு. அறுபது பேரை ஏற்றிக்கொண்டு போனவனை ஒற்றை ஆளாகப் பொம்மைக் காரில் உட்காரவைத்துவிட்டீர்களே என்பார்.

பெட்டியோடு வந்த கேபிள் குட்டை, நல்ல தடிமன். ஆனால் கம்ப்யூட்டர் அறையின் மறுமூலையில் இருந்தது. மேசையை நகர்த்தினால் என் படுக்கைக்கு இடம் இருக்காது. அதனால் மெலிந்த மூன்று மீட்டர் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினேன். அது ஒத்துவராது என்று அப்போது எனக்குத் தெரியாது. மோட்டார் முக்கி இழுக்கும் நேரத்தில் அதில் இணைப்பு விட்டுப்போகும். ஒரு நொடிதான். ஸ்டீயரிங் ஈரத்துணி மாதிரித் துவளும், கார் நேராகப் போய்ச் சுவரில் மோதும், பிறகு எல்லாம் பழையபடி.

முதல்முறை அப்படி ஆனபோது அத்தான் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்ச நேரம் நான் இல்லடா," என்றார். "நீ பாத்தியா?"

கேபிள் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு மாதம் முடிய இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. இந்த நாட்டில் தங்க எனக்குக் கொடுத்த அனுமதித் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்குத் தெரியும்: நோயாளியைக் கவனித்துக்கொள்பவர். நோயாளி இல்லையென்றால் நானும் இல்லை. இரண்டு வருடம் தாண்டினால் இங்கேயே தங்கிவிடலாம். தெரு முழுக்கச் சொல்லிவிட்டு அம்மா அனுப்பிவைத்த பிள்ளை, ஏழாம் மாதமே பெட்டியோடு வாசலில் நிற்பதை யோசித்துப் பார்.

"பாத்தேன் அத்தான்," என்றேன். "கண்ணு அப்படியே நிலைகுத்திடுச்சு."

அதன்பிறகுதான் கேபிள்களைக் கவனமாகத் தேர்ந்தெடுத்தேன். நான்கு வாங்கிப் பார்த்தேன். ஒன்று ஓயாமல் விட்டுப்போனது. ஸ்டீயரிங்தான் கோளாறு என்று யாருக்கும் தெரிந்துவிடும். இரண்டு விட்டுப்போகவே இல்லை. ஒன்று மட்டும் மாதத்துக்கு இரண்டொரு தடவை, கடைசி வளைவில் மட்டும். இணைப்பு போனால் திரையில் வருகிற அறிவிப்பை நிறுத்திவைத்தேன். பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண்மணி வரும் நாளில் குட்டைக் கேபிள். இவ்வளவு நன்றாக ஓட்டுகிறாரே என்று அவர் ஆச்சரியப்படும்போது, அத்தானுக்கு நினைவு தப்பியதாக நான் தேதி குறித்துவைத்த நோட்டை நீட்டுவேன். அதில் பொய்த் தேதி ஒன்றுகூடக் கிடையாது. ஒவ்வொரு தேதிக்கும் ஆறு மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

அத்தான் என்னைக் காவல்காரன் என்றுதான் கூப்பிடுகிறார். அவர் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறேன். அடுப்புப் பக்கம் அவரை விடுவதில்லை. பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து, எதிர் நிறுத்தத்துக்கு வருகிற பஸ்களைப் பார்த்து, இது இரண்டு நிமிஷம் லேட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவர் தூங்கும்போது நான் அதே ஜன்னலில் நிற்பேன். எங்களுக்கு இருப்பது அந்த ஒரு ஜன்னல்தான்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை அக்கா. நீ அழுததைக் கேட்டபிறகு அந்தக் கேபிளை வெட்டிக் குப்பையில் போட்டேன். என் படுக்கையைச் சுருட்டிவிட்டு மேசையை நகர்த்தினேன். குட்டைக் கேபிளை மாட்டி, நேற்று காலையில் அத்தானை உட்காரவைத்தேன். மூன்று சுற்று அருமையாகப் போனார். நான்காவதில், அந்தக் கடைசி வளைவில், மோட்டார் சரியாகத்தான் இழுத்துக்கொண்டிருந்தது. அத்தான் இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கார் சுவரில் மோதி நின்றது.

"பாத்தியா காவக்காரா," என்றார் மெதுவாக. "மறுபடி வந்துடுச்சு. நோட்டுல எழுதிக்க."

குனிந்து கேபிளைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது. இந்த ஒரு தடவை நான் எதுவுமே செய்யவில்லை.

ஆகவே நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அத்தானுக்கு உண்மையிலேயே உடம்பு சரியில்லை அக்கா. பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். நல்லவேளை, நான் இருக்கிறேன்.