இறக்கை ஒரு வீட்டில், உடல் ஒரு வீட்டில்

படிப்பகத்தைக் கட்டி முடித்து, இந்தத் திறப்பு விழாவுக்குத் தலைமையும் தாங்கி, இந்த ஆறுக்குட்டி எப்போது முடிப்பான் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட பெருமதிப்பிற்குரிய பியாட்ரிஸ் டீச்சர் அவர்களே! முன்வரிசையில் கம்பளிக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு, ஆமை போல அழகாக அமர்ந்திருக்கும் பெரியோர்களே! தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த கையோடு ஓடிவந்த தாய்மார்களே! கோத்தகிரி பஸ்ஸைப் பற்றிக் கவலைப்படாமல் வந்திருக்கும் வெளியூர் நண்பர்களே! மூன்றாம் வகுப்பின் வாசலோடு திரும்பியவனும், உங்கள் கொழுந்தை மட்டும் ஒருநாளும் திரும்பாமல் தொழிற்சாலை கொண்டுசேர்ப்பவனுமான இந்த லாரி ஓட்டியின் நெஞ்சார்ந்த வணக்கம்!

கைதட்டுங்கள், தட்டுங்கள். குளிருக்கும் நல்லது.

இதோ என் பின்னால் வெள்ளைத் துணி போர்த்தி நிற்கிறதே, அது என்ன? சொல்லுங்கள். என்னது... மாடா? யாரப்பா அது, மாடு என்றது? தம்பி, மாட்டுக்குப் பத்தடி நீளம் உண்டா? மாட்டுக்கு மூக்கில் ஊசி உண்டா? மாட்டுக்கு வால்பக்கம் நெருப்பு வருமா? அது விமானம்! போர் விமானம்! எழுபத்தொன்றில் எல்லையில் சீறிய நாட் என்னும் ஜெட் விமானத்தின் மாதிரி, மூன்றில் ஒரு பங்கு அளவில்! கடையில் வாங்கியதா? இல்லை. கப்பலில் வந்ததா? இல்லை. நம் தொழிற்சாலையின் தேயிலைப் பெட்டியில் பிறந்த பிள்ளை அது!

பெற்றவர்கள் இருவர். ஒருவர், பெட்டி அடிக்கும் ஆசாரி நாச்சிமுத்து. இன்னொருவர், மெஷின் பார்க்கும் ஃபிட்டர் டக்ளஸ். தோட்டத்து லைன் வீடுகளில் அடுத்தடுத்த வீடு. நடுவில் ஒரே சுவர். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் "இயேசுவே" என்று சத்தம் வரும். அப்படி ஓர் ஒட்டு!

சூலூரில் விமானத்தளத்தைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டபோது, இருவரையும் என் லாரியில்தான் கூட்டிப்போனேன். அந்த நாட் விமானத்தைப் பார்த்தார்கள். பார்த்தார்கள், பார்த்தார்கள், பார்த்துக்கொண்டே இருந்தார்கள். படம் பிடிக்கக் கூடாதாம். அதனால் என்ன? நாச்சிமுத்து முழங்கையால் நீளம் அளந்தார். டக்ளஸ் சாணால் சக்கரம் அளந்தார். காவல்காரர் வந்து இருவரையும் அளந்தார்!

வந்ததும் வேலை தொடங்கியது. புயலில் விழுந்த ஒரு சில்வர் ஓக் மரத்தை அறுத்து எலும்புக்கூடு. பெட்டிப் பலகையில் சதை. பெட்டிக்குள் ஒட்டுகிற அலுமினியத் தாளில் தோல். அந்தத் தாளில் மை தீர்ந்த பேனாவால் புள்ளி புள்ளியாக அழுத்தி, ஆணி வரிசை வரிசையாகப் பதித்தார்கள். பழைய கைக்கடிகாரக் கண்ணாடிகளை வைத்து, விமானி பார்க்கும் முள் பலகை. விமானியின் கைப்பிடியை அசைத்தால், சைக்கிள் பிரேக் ஒயர் ஓடி, இறக்கையின் ஓரம் மேலும் கீழும் ஆடும். உடல் நாச்சிமுத்துவின் பொறுப்பு. இறக்கை டக்ளஸின் பொறுப்பு. உடலில் ஒரு துளை, இறக்கையில் ஒரு நாக்கு. நாக்கு துளைக்குள் போனால் விமானம். போயிற்று! நானே பார்த்தேன், வெண்ணெயில் கத்தி போல!

பிறகு? பிறகுதான் சக்கரம் வந்தது, சனியும் வந்தது.

"வானத்துல போற சாமானுக்குச் சக்கரம் எதுக்குடா தெரியோணும்? மடக்கி உள்ள வெச்சு மேல கட்டித் தொங்க உடோணும். இல்லாட்டி இறக்கை வெச்ச தள்ளுவண்டி மாதிரி இருக்கும்" என்றார் நாச்சிமுத்து.

"மேல தொங்க உட்டா உள்ள இருக்கறதை எவன் பாப்பான்? நான் ஒவ்வொரு முள்ளா ஒட்டுனதை வௌவாலுக்கா காட்டறது? சக்கரத்துல நிக்கட்டும்" என்றார் டக்ளஸ்.

"அப்ப உன்ற இறக்கைய நீயே வெச்சுக்க!"

"வெச்சுக்கறேன். உன்ற உடம்பைக் கட்டிப் புடிச்சுட்டு நீ படு!"

சிரிக்கிறீர்கள். அன்று நாம் சிரிக்கவில்லை, தாய்மார்களே. இறக்கை டக்ளஸ் வீட்டு இறவாரத்தில் தொங்கியது. உடல் தொழிற்சாலையில், தேயிலை உலர்த்தும் டிரையர் அனல் அடிக்கும் அறையில் நாச்சிமுத்துவிடம் கிடந்தது. இரண்டு ஆடி மழை வந்துபோயிற்று. கிறிஸ்துமஸ் கேக் அந்தச் சுவரைத் தாண்டவில்லை. பொங்கல் பானையும் தாண்டவில்லை. விமானம் போனால் போகட்டும், பத்தடியில் இன்னொன்று செய்துகொள்ளலாம். பக்கத்து வீட்டுக்காரனை எந்தப் பலகையில் செய்வீர்கள்? எந்தத் தாளில் ஒட்டுவீர்கள்?

இந்த நிலையில்தான் டீச்சர் அவர்கள், "படிப்பகத்தில் அந்த விமானம் இருக்க வேண்டும்" என்று கட்டளையிட்டார்கள். டீச்சர் சொல்லை யார் தட்டுவது? நானே லாரியில் இறக்கையை ஏற்றி வந்தேன், உடலை டிரையர் அறையிலிருந்து தூக்கி வந்தோம். தொழிற்சாலை வாசலில் இறக்கி வைத்துச் சேர்த்தால், சேரவில்லை! வெண்ணெயில் போன கத்தி, கல்லில் முட்டி நின்றது.

"துளையச் சின்னதாக்கிப் போட்டயாடா? வஞ்சம் வெச்சுப் பண்ணிப் போட்டயே!" என்று பாய்ந்தார் டக்ளஸ்.

"நான் தொடவே இல்ல. உன்ற இறக்கைதான் தின்னு தின்னு கொழுத்துப் போச்சு. அரத்தால நாலு இழு இழு!"

"என்ற இறக்கை மேல அரம் பட்டுதோ, அப்புறம் நடக்கறதே வேற!"

இருவரும் பொய் சொல்லவில்லை, பெரியோர்களே! இருவரும் தொடவில்லை! டிரையர் அனலில் உடல் காய்ந்து சுருங்கியிருந்தது. மூடுபனியில் இறக்கை ஊறிப் பருத்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் அதைச் சொல்ல ஒரு வாய் இருந்ததா? இலையை ஒரு பிடி கசக்கிப் பார்த்து, இன்னும் ஈரம் போகவில்லை என்று சொல்லும் ஊர் இது. ஈரத்தை விரட்டியே சோறு தின்னும் ஊர் இது. மரத்திலும் ஈரம் ஏறும் என்பது மட்டும், அங்கே கூடி நின்ற அத்தனை பேருக்கும் மறந்துபோனது! எனக்கு? எனக்கும்தான். நான் லாரிக்கு டயர் மட்டும்தானே பார்ப்பேன்.

சரி, சாமானை எங்கே வைப்பது? அவன் வீட்டில் வேண்டாம், இவன் அறையில் வேண்டாம். அப்போது நாச்சிமுத்துவின் மனைவி மருதாம்பாள், கொழுந்துக் கூடையோடு நின்றவர், சொன்னார்: "ஏனுங்க, இலை வாட்டற மாடில ஒரு தொட்டி சும்மாதானுங்க கெடக்குது? ரெண்டையும் அங்க போடுங்க. அது உங்க ஊடும் இல்ல, அவிய ஊடும் இல்ல."

போட்டோம். அங்கே இலையை வாட்டும் காற்றாடி, பாரபட்சம் பார்க்காமல் இரண்டின் மீதும் ஒரே காற்றை வீசியது. நாச்சிமுத்து தினமும் வேலை முடிந்ததும் மாடி ஏறினார். எதற்கு? டக்ளஸ் துளையை அறுத்துவிடக் கூடாதே! டக்ளஸும் ஏறினார். எதற்கு? நாச்சிமுத்து இறக்கையைச் சீவிவிடக் கூடாதே! எதிரும் புதிருமாகக் காவல்! முதலில் முறைப்பு. பிறகு இருமல். பிறகு, "அந்தப் பக்கம் தாள் கிழிஞ்சிருக்குது." பிறகு, "பசை இருக்குதா?" அப்புறம் எனக்கு வேலை வந்தது. இரண்டு டம்ளர் டீயை மாடிக்குத் தூக்கினேன்!

ஒருநாள் டக்ளஸ் எழுந்தார். "ஆறுக்குட்டி, நீயே சாட்சி. இது சாமி வந்தாலும் சேராது, பாரு" என்று இறக்கையைத் தூக்கி ஒரே தள்ளு தள்ளினார்.

டக்!

அரம் படவில்லை. உளி படவில்லை. முழுதாக உள்ளே போய்விட்டது! நாச்சிமுத்து இறக்கையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "இளைச்சுப் போச்சுடா உன்ற இறக்கை." டக்ளஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கைச் சிந்தினார். தேயிலைத் தூசியாம். சொன்னார், நம்பிவிட்டேன்.

என் அருமை மக்களே! ஒரே மரத்தில் பிறந்தவை அவை. ஒன்றை அனலில் வைத்தோம், ஒன்றைப் பனியில் வைத்தோம், சேரவில்லை என்று சினந்தோம். யாரைச் சீவுவது என்று சண்டையிட்டோம், யாரை அறுப்பது என்று சட்டம் பேசினோம். யாரையும் சீவ வேண்டாம்! யாரையும் அறுக்க வேண்டாம்! கொஞ்ச நாள் ஒரே காற்றில் இருக்க விடுங்கள்! கோபித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளே, கேட்கிறதா? பேச்சை நிறுத்திய சம்பந்திகளே, கேட்கிறதா? ஒரே காற்றில் இருங்கள்! தானாகச் சேரும்!

என்ன, சக்கரமா? நல்ல கேள்வி. அந்தச் சண்டை இன்னும் தீரவில்லை. இப்போது நாச்சிமுத்து, "நிக்கட்டும், புள்ளைங்க உள்ள பாக்கட்டும்" என்கிறார். டக்ளஸ், "இல்ல, நீ ஆசைப்பட்ட மாதிரி பறக்கட்டும்" என்கிறார்! அதனால் அந்த மாடியிலேயே இருவரும் இன்னொரு வேலையும் செய்துவிட்டார்கள். நாச்சிமுத்து, உத்தரத்துக் கயிற்றைப் பிடியுங்கள். டக்ளஸ், உங்கள் ஒயர். டீச்சர், துணியை விலக்குங்கள்.

பாருங்கள், நிற்கிறது! இழுங்க நாச்சிமுத்து! ஏறுகிறது, ஏறுகிறது... இப்போ ஒயரை இழுங்க டக்ளஸ்! மடிகிறது பாருங்கள் சக்கரம்! இறங்கும்போது விரியும், ஏறும்போது மடியும். நிஜ விமானமும் இதைத்தானே செய்கிறது? இரண்டு மழை வீணாய்ப் போயிற்றே, மடையர்களா!

மேலே பார்த்த கண்களுக்கும், பொறுத்த காதுகளுக்கும், கடைசிவரை கடிகாரத்தைக் கழற்றி அடிக்காத டீச்சர் அவர்களுக்கும் நன்றி கூறி, அந்தக் கயிற்றைச் சீக்கிரம் கட்டச் சொல்லி, இறங்குகிறேன். வணக்கம்!