அடுப்பில்லாத நூடுல்ஸ்

அதெல்லாம் ஒரு கசிவும் இல்லைங்க. டியூப் போன தீபாவளிக்கு மாத்தினதுதான். முகர்ந்து பார்த்தாச்சு, சோப்புத் தண்ணி தடவியும் பார்த்தாச்சு. அப்புறம் எதுக்கு அடுப்பைப் பத்த வெச்சுக் காட்டச் சொல்றீங்க? லைட்டரை அங்கயே வைங்க. சொல்றேன்ல, வைங்க.

கேஸ் ஏஜென்சியில ஒரு நாளைக்கு இத்தனை வீடுன்னு சொல்லித்தான் அனுப்பியிருப்பாங்க, புரியுது. இந்த வெயில்ல பாபநாசம் பூரா ஏறி இறங்கறீங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. காபியா? நான் காபின்னு வாயே திறக்கலையே! பால் கிடையாதுங்க. நான் இப்ப வீகன். சைவம் இல்லைங்க, அதுக்கும் மேல. பால், தயிர், நெய் எதையும் தொடக்கூடாது. அதுலயும் எல்லாம் பச்சையாத்தான் சாப்பிடணும். அடுப்பே வேண்டாம். செல்போன்ல ஒரு வெள்ளைக்காரி சிரிச்சுக்கிட்டே செஞ்சு முடிச்சுடறா.

இதோ, அதைத்தான் பண்ணிக்கிட்டிருக்கேன். வெள்ளரிக்காயைத் தோல் சீவியால நீளமா இழுத்துக்கிட்டே வரணும். விதை தெரிஞ்சதும் நிறுத்திடணும், இல்லேன்னா சொதசொதன்னு ஆயிடும். கேரட்டும் அப்படியே. எல்லாத்தையும் ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி மெல்லிசா நறுக்கினா நூடுல்ஸ். சிரிங்க, சிரிங்க. எனக்கும் முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. உப்புப் போட்டு வெச்சுட்டு, தண்ணி விட்டதும் பிழிஞ்சிடணும். ஊறவெச்ச வேர்க்கடலை, தேங்காய், இஞ்சி, பச்சை மிளகாய், மிக்ஸியில ஒரு ஓட்டு. மேல எலுமிச்சம்பழம். இருங்க, ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்துக்கறேன்.

என்ன எட்டிப் பார்க்கறீங்க? முட்டையா? அது போன வாரம் வாங்கினது. போன வாரம் நான் வீகன் இல்ல. போதுமா?

கார்டுல ராஜ்குமார்னு இருக்கா? ஆமா, கனெக்‌ஷன் இன்னும் அவர் பேர்லதான். வீட்டுக்காரர். கூப்பிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்றதா? நல்லாக் கேட்டீங்க. திருப்பனந்தாள்ல இன்னொருத்தியோட குடும்பம் நடத்தப் போயி எத்தனையோ வருஷமாச்சு. விவாகரத்து நானும் கேக்கல, அவரும் குடுக்கல. பஸ் ஏறினா கொஞ்ச நேரத்துல போயிடலாம். நான் ஏறினதில்ல. ஷோபனான்னு எழுதிக்குங்க, நானே போடறேன் கையெழுத்து.

இந்தாங்க, சாப்பிடுங்க. தட்டுல மிச்சம் வைக்காதீங்க, கான்வென்ட்ல மிச்சம் வெச்சா சிஸ்டர் பெஞ்சு மேல ஏத்திடுவாங்க, எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கிச்சு. எப்படியிருக்கு? பொய் சொல்லாதீங்க, மூஞ்சி சொல்லுது. எனக்கும் பிடிக்கல. சுத்திலும் நெல்லு விளையுது, நடுவுல நான் மாடு மாதிரி பச்சைக் காயை மென்னுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

பின்ன எதுக்குச் செய்யறேனா?

முந்தாநாள் காய் வாங்கப் போனேங்க. பஸ் ஸ்டாண்டு சுவத்துல கண்ணீர் அஞ்சலி போஸ்டர். ராஜ்குமார். அந்தப் போட்டோ ஊட்டியில நான் எடுத்தது. கண்ணு கூசுதுடி, சீக்கிரம் எடுன்னு கத்திக்கிட்டே நின்னார், அந்தச் சுளிப்பு அப்படியே இருக்கு. பாடியும் அதுக்கு முதநாளே எடுத்தாச்சாம். எனக்கு யாரும் சொல்லி அனுப்பல. வெள்ளரிக்காய் வாங்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டேன்.

சாவு வீட்டுல அடுப்பு பத்த வைக்க மாட்டோம்ல. சொந்தக்காரங்க சோறு கொண்டாருவாங்க. அப்புறம் அவங்கள்ல ஒருத்தர் வந்து பத்த வெச்சுக் குடுப்பாங்க. திருப்பனந்தாள்ல இந்நேரம் பத்த வெச்சிருப்பாங்க. இதுவும் சாவு வீடுதான்னு யாருக்குத் தெரியும்? நானே தெருவுல போய்ச் சொல்ல முடியுமா? வாசக்கதவைத் திறந்து வெச்சுட்டு, காயைச் சீவிக்கிட்டே பார்த்துக்கிட்டிருந்தேன்.

நீங்கதான் வந்தீங்க.

தட்டு கிடக்கட்டுங்க, நான் கழுவிக்கறேன். அந்த லைட்டரை எடுங்க. டெஸ்ட் பண்ணணும்னீங்கல்ல? பெரிய பர்னரையே பத்த வைங்க. இல்ல, நான் இல்ல, நீங்கதான் பத்த வைக்கணும்.

ம்.

அணைச்சிடாதீங்க. பால் ஃப்ரிட்ஜ்ல இருக்கு, முட்டைக்குப் பின்னால. உங்களுக்குக் காபியில சர்க்கரை எவ்வளவு?