பூசை ரசம் ருசி பார்க்கப் போனவர்

பாக்கியம்: நேரா நில்லுங்க ரோஸ்மேரி நைனா. இன்னாத்துக்கு இப்படி ஆடறீங்க?

பிலவேந்திரன்: மேல்மலையனூர் அமாவாச கூட்டம்டி. திண்டிவனத்துலேர்ந்து செஞ்சி வரைக்கும் பஸ்சுல ஒத்தக் கால்ல நின்னேன்.

பாக்கியம்: கால் இருக்கட்டும். பாண்டியில பூசைக்கான திராட்ச ரசத்த ருசி பாத்தீங்களே, துப்புனீங்களா, முழுங்குனீங்களா?

பிலவேந்திரன்: மூணு கிடங்கு பாக்கியம். பீப்பா பீப்பாயா அடுக்கி வெச்சிருக்கான். சுத்திக் காட்டி, சின்ன கிளாஸ்ல ஊத்திக் குடுக்கிறான். கொப்புளிச்சு படிக்கத்துல துப்பணுமாம்.

பாக்கியம்: மூணு எடத்துலயும் துப்புனீங்க?

பிலவேந்திரன்: மொத எடத்துல துப்புனேன்.

பாக்கியம்: அப்புறம்...

பிலவேந்திரன்: மாதா கோயில்ல பூசைக்கு எடுத்துக் குடுக்கிற கோயில்பிள்ளை நானே பூசை ரசத்தத் துப்புனா பாவம் இல்லியா?

பாக்கியம்: அது இன்னும் பூசைக்கே வரலியே.

பிலவேந்திரன்: வரப்போறதுதான?

பாக்கியம்: மதுவிலக்கு போலீசு எப்படி விட்டான்?

பிலவேந்திரன்: ஊதச் சொன்னான். பங்கு சாமியாரு கடுதாசிய நீட்டுனேன். படிச்சிட்டு, அடுத்த வாட்டி என்னயும் இட்டுணு போன்னான்.

பாக்கியம்: சிரிக்காதீங்க. பூசை ரசம் வெளுத்துப் போவுது, எந்தக் கடைக்காரன் தண்ணி கலக்கறான்னு கண்டுபிடிக்கலன்னா கோயில் வேலையே இல்லன்னாரே சாமியாரு. சாயந்திரம் இன்னா சொல்லப் போறீங்க?

பிலவேந்திரன்: அதான்... மூணுமே கெட்டியா நாக்குல ஒட்டுது. ஒருத்தனும் கலக்கல.

பாக்கியம்: ஒருத்தனுமா... நல்லா பாத்தீங்களா?

பிலவேந்திரன்: ரெண்டு ரெண்டு வாட்டி.

பாக்கியம்: அப்ப வழியில எவனாச்சும்...

பிலவேந்திரன்: அரக்கு வெச்ச பாட்டிலு. நம்ம கோயில் அலமாரிக்கு வந்தப்புறம் நான்தான் ஒடைக்கிறேன்.

பாக்கியம்: அலமாரி சாவியும் உங்க இடுப்புலதான இருக்குது.

பிலவேந்திரன்: யாருகிட்டயும் சொல்லிடாத. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் ஒரே ஒரு மடக்கு. அளவு கொறையக் கூடாதேன்னு அதே அளவுக்கு கெணத்துத் தண்ணி...

பாக்கியம்: அடப்பாவி மனுசா.

பிலவேந்திரன்: சத்தியமா ஒரு மடக்குதான்டி. அதுக்குப் போயி அவ்ளோ வெளுக்குமா? கடைக்காரனும் கலக்கறான்னு நம்பித்தான் தைரியமா பாண்டிக்கே போனேன். வேலை போச்சுன்னா உன்னயும் புள்ளைங்களயும் வெச்சிணு எங்க போவேன்... பயமா இருக்குது பாக்கியம்.

பாக்கியம்: மொதல்ல போயி மூஞ்சி கழுவுங்க.

பிலவேந்திரன்: ஆமா... சனிக்கெழமயானா பீடத்துணி மாத்தணும்னு எங்கிட்ட சாவி வாங்கிணு போறியே. ஒரு துணி மாத்த ஒரு மணி நேரமா?

பாக்கியம்: உங்கள மாதிரி நான் இன்னா கெணத்துத் தண்ணியா ஊத்துனேன்? சாமியாரு மந்திரிச்ச தீர்த்தத்ததான் ஊத்துனேன்.