துணி ஊறட்டும்

ஹலோ... ஹலோ, யாரு? ஒண்ணுமே கேக்கல, இங்க பம்பு ஓடுது... இரு இரு. அண்ணே, அந்தத் தண்ணிய நிறுத்துங்க! ம், சொல்லு... குட்டியா? எதுக்குடி குசுகுசுன்னு பேசுற?... அழாதடி. அழுதுகிட்டே பேசினா அக்காவுக்கு என்ன புரியும்?

என்னது, பூச்சியா?... ஆமா... ஆமா, ராத்திரி பூரா ஓட்டிட்டு வந்தா அடிக்கத்தான் செய்யும். பம்பர், பானெட், கண்ணாடி, எல்லா எடத்துலயும் காஞ்சு ஒட்டியிருக்கா... அத உன்னையா கழுவச் சொன்னான் உன் புருஷன்? அவன் குளிச்சிட்டு வர்றதுக்குள்ளயா? மகாராஜாதான்!

எத வச்சுத் தேய்ச்ச?... அடிப்பாவி! பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரா? கார் கழுவுற கடை வச்சிருக்கேன், என் தங்கச்சி போயி பானெட்டுல கம்பி நாரப் போடுறா! பெயிண்ட் பேந்துடும்னு உனக்குத் தெரியாதா?... நெறைய கோடா?... சரி. சரி சரி, கத்தல. பயத்துல கைக்குக் கெடச்சத எடுத்துட்ட. கத்தலடி.

நாரத் தூக்கி எறி. பெரிய துண்டு ஒண்ண எடு. வெந்நீர்ல சோப்பக் கரைச்சு, துண்ட நனைச்சு, முன் கண்ணாடி மேல போத்தி விடு... ஆமா, முழுசா. தேய்க்காத. சும்மா ஊறட்டும். ஊறுச்சுன்னா தானா வழுக்கிக்கிட்டு வந்துடும்...

போட்டுட்டியா? ம். ஏன் உனக்குப் பேச்சு கொழகொழன்னு வருது?... கதவுல இடிச்சுக்கிட்டியா? போன தடவ மாடிப்படி, இந்தத் தடவ கதவா? என்கிட்டயே கத விடாதடி. என்ன பண்ணான்?... ம்... முடியப் புடிச்சு... பம்பர்லயா? அந்தப் பூச்சி மேலயே வச்சா மூஞ்சியத் தேய்ச்சான்?... நக்கிச் சுத்தம் பண்ணுன்னு சொன்னானா?

...

இருக்கேன். இங்கதான் இருக்கேன்... பல்லு ஆடுதா? ரத்தம் நின்னுச்சா?... அவன் கைய ஒடிச்சு அடுப்புல வைக்கணும். இந்தப் பம்புக் குழாய அவன் வாயில சொருகி, கொடல் வெளிய வர்ற வரைக்கும் அடிக்கணும். என்ன சார்? உங்களச் சொல்லல சார், நீங்க உக்காருங்க! வண்டி இன்னும் ஆகல!

இங்க பாரு. குளிச்சிட்டு வந்து பானெட்டத் தடவிப் பாப்பானா?... ஆமா, எப்பவும் தடவித்தான் பாப்பான். அந்தக் கோட்டப் பாத்தான்னா... ஆமாடி. கொன்னுடுவான். நானும் பொய் சொல்லப் போறதில்ல.

சாவி எங்க?... கதவு இடுக்கு தொடைக்கன்னு உன்கிட்ட குடுத்தானா? உள்ள ஏறு... ஓட்டத் தெரியாதா? யாருகிட்ட சொல்ற? நம்ம கடைல அத்தன வண்டியையும் முன்ன பின்ன எடுத்து நிறுத்துனது யாரு? அவன் தொட விடலன்னா மறந்துடுமா?... துணிமணி வேணாம். செருப்பும் வேணாம். ஏறுடி!

பாத்ரூம்ல தண்ணிச் சத்தம் நின்னுடுச்சா?... ஐயோ, ஏறித் தொலையேன்! நாலு கதவையும் பூட்டு. போன ஸ்பீக்கர்ல போட்டு மடியில வை... வர்றானா? வரட்டும். அவன் மூஞ்சியப் பாக்காத. ஸ்டார்ட் பண்ணு.

என்ன சத்தம் அது? குட்டி! என்னடி அது?... வீல் ஸ்பேனரா? எத அடிக்கிறான்?... கதவுக் கண்ணாடியையா? அவனோட வண்டிக் கண்ணாடியையா? பூச்சி பட்டதுக்கு உன் வாய ஒடச்சவன், இப்ப அவனே ஒடைக்கிறானா!... கைய உள்ள விடுறானா? கடி. கடிடி! ஒரு பல்லுதான ஆடுது, மத்ததெல்லாம் எதுக்கு இருக்கு? நல்லா கடி!...

விட்டானா? ம், எடு வண்டிய... ஏன் எடுக்கல? முன்னாடி எதுவும் தெரியலையா? துண்டு! அந்த ஈரத்துண்டுடி! வைப்பரப் போடு... ஸ்டியரிங் பக்கத்துல இருக்கே, அந்தப் பிடிதான், அழுத்து!...

போச்சா? எங்க விழுந்துச்சு?... அவன் மூஞ்சி மேலயா! நல்லா வேணும், அவனும் கொஞ்சம் நக்கட்டும். அத எடுக்கிறதுக்குள்ள கெளம்பு. முன்னாடி தெரியுதா?... பளிச்சுன்னு தெரியுதுல்ல? ஊறிடுச்சு பாத்தியா! கேட்டு மூடியிருக்கா? இடி... இடின்னா இடி, பம்பரப் பத்தி இனிமே உனக்கென்ன கவல?

...

குட்டி? குட்டி, பேசு... ரோட்டுக்கு வந்துட்டியா?... அழு. இப்ப நல்லா அழு, ஆனா ஓட்டிக்கிட்டே அழு. பின்னாடி பாக்காத... என்ன?... பூச்சி அடிக்குதா? அடிச்சா அடிக்கட்டும்டி! உலகத்துல உள்ள பூச்சியெல்லாம் வந்து அடிக்கட்டும். நீ வந்து சேரு, நான் கழுவிக்கிறேன்... ஆமா... ஆமாடி, நானே கழுவுறேன். போன வை. ரெண்டு கையாலயும் ஓட்டு.

அண்ணே, கேட்ட நல்லா தெறந்து வைங்க. சார், உங்க வண்டியக் கொஞ்சம் ஓரமா எடுங்க. என் தங்கச்சி வர்றா.