அறுபத்திரண்டு கிலோ எடைக்குறைப்பு

இன்ஸ்பெக்டர் ஐயா, எண்ணெய்க் கையோடு நான் எதையும் தொட மாட்டேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

புதுச்சேரி உப்பளத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஜூல் மாமா. பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். தெருவில் சொல்தா என்பார்கள். 2006 ஏப்ரலில் அவரும் ஜோசஃபின் அத்தையும் மகளைப் பார்க்கப் பிரான்சுக்குப் போனார்கள். போகும்போது பழைய மோட்டார் சைக்கிள் சாவியைத் தந்து, "கோபி, வண்டியப் பாத்துக்கடா. பதினாலு ஜூலைக்கு வேணும்" என்றார். அது பிரெஞ்சு தேசிய தினம்; ஆண்டுதோறும் அன்று பதக்கங்களைக் குத்திக்கொண்டு, அத்தையோடு அதில்தான் ஊர்வலத்துக்குப் போவார். அத்தைக்கு முழங்கால் மடங்காது. பின்னால் ஏறி உட்கார முடியாது.

நான் மாலை நேர மெக்கானிக் வகுப்பில் படிக்கிறேன். தவளக்குப்பம் தாண்டி ஒரு செம்மண் மேட்டில் பழைய வண்டிகளுக்குச் சேற்றுப் பந்தயம் என்று நோட்டீஸ் வந்தது. ஓடாத வண்டி கெட்டுப்போகும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். சரியா தவறா என்று நோட்டில் நான்கு பக்கம் எழுதிப் பார்த்தேன். சரி என்றுதான் வந்தது.

மேடு ஏற எடை குறைய வேண்டும். என் எடையா, வண்டியின் எடையா என்று இரண்டு நாள் குழம்பினேன். எனக்கு மெதுவடை பிடிக்கும். ஆகவே மட்கார்டைக் கழற்றினேன். பிறகு விளக்கு, ஹாரன். பழைய இரும்புக் கடைத் தராசில் மூன்று முறை நிறுத்தேன். பதினோரு கிலோ. போதவில்லை.

இன்னொரு ஐம்பத்தொரு கிலோ ஒரே இடத்தில் இருந்தது. அதை ரம்பத்தால் நேராக அறுத்து, அதன் தகட்டை கல் படாமலிருக்க எஞ்சினுக்கு அடியில் அடித்தேன். அதிலிருந்த மெத்தையை எங்கள் பூனை எடுத்துக்கொண்டது. அதில் எனக்குப் பங்கில்லை.

பந்தயம் நடத்தியவர் சுற்றிப் பார்த்தார். "தம்பி, முழு வண்டி எங்க?" என்றார். வண்டி வாங்கியபடியே இருக்க வேண்டும் என்று நோட்டீசின் பின்பக்கத்தில் போட்டிருந்ததாம்; என்னை ஓட்ட விடவில்லை. முன்பக்கத்தை நான் ஐந்து முறை படித்திருந்தேன்.

ஜூலை பதின்மூன்று இரவுதான் அவர்கள் ஊர் திரும்பினார்கள். மறுநாள் காலை, பதக்கங்களோடு வந்த மாமா தார்ப்பாயை விலக்கினார். அத்தை புதுத் தொப்பியும் கைப்பையுமாக வந்து, இடப்பக்கம் சைட்கார் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"நான் எங்கடா உக்கார்றது?"

"ஊர்வலம்னா எல்லாரும் நடந்துதான அத்தை போறாங்க" என்றேன்.

இருவரும் ஆட்டோவில் போனார்கள். பதக்கங்கள் குலுங்குவது தெருமுனைவரை கேட்டது.

ஆக, ஜோசஃபின் அத்தையின் சைட்காரை அறுத்தது நான்தான். ஆனால் மாமா தன் புகாரில் 'நாசம் செய்தான்' என்று எழுதியிருக்கிறார். அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள் ஐயா. வண்டி வெளியில்தான் நிற்கிறது. ஒரு தடவை தள்ளிப் பாருங்கள், எவ்வளவு லேசாகப் போகிறதென்று.