முன்சக்கர அச்சில் பன்னிரண்டு புள்ளிகள்

கதவை யாராவது நன்றாகச் சாத்துங்கள். நான் எழுந்திருக்கவில்லை, கால் வலி. கரண்ட் வருகிற வரைக்கும் இந்த ஒரு மெழுகுவர்த்தி போதும். நடுவில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று யாரும் கிளம்பக் கூடாது.

மதியம் இரண்டே கால் மணி...

சிரிக்காதீர்கள். பேய் என்றால் நடுராத்திரியில்தான் வர வேண்டுமா? அதற்கு என்ன ஷிஃப்டா போட்டிருக்கிறது? மதியம் இரண்டே கால். சுள்ளென்று வெயில். கல்குவாரியை ஒட்டிய சாலை. மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வீடு கிடையாது, ஒதுங்க ஒரு மரம் கிடையாது. அதில் ஒரு மனிதர் தனியாக நடந்து வருகிறார். என்னோடு வேலை பார்க்கும் நண்பனுடைய சித்தப்பா. வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பது அவர் வேலை. அன்றைய வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்புகிறார்.

பின்னால் ஒரு பைக் சத்தம்.

தட்... தட்... தட்... கூடவே மெல்லிய விசில். சைலன்சரில் பற்றவைத்த இடத்தில் ஊசி முனை அளவு ஓட்டை விட்டுப்போனால் அப்படித்தான் கேட்கும். அந்த விசில் அவருக்கு நன்றாகத் தெரியும். பற்றவைத்ததே அவர்தான். ஆனால் அந்த பைக் இப்போது கிடையாது. மூன்று மாதம் முன்னால் அவரே அதைத் துண்டு துண்டாக அறுத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டிருந்தார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பயத்தால் இல்லை... வெட்கத்தால்.

சொல்கிறேன். அந்த மனிதருக்கு யாரும் தொழில் சொல்லிக்கொடுக்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்து, இரும்பு கடைகிற லேத் ஒன்றைத் தானே செய்தார். வீடியோ பார்த்து, விரலைச் சுட்டுக்கொண்டு, கிலோ கணக்கில் இரும்பை வீணடித்து, கடைசல் கற்றுக்கொண்டார். அப்புறம் பைக். என்ஜின் மட்டும் பழசு. பெட்ரோல் டேங்க், தகட்டைத் தட்டித் தட்டி அவரே செய்தது. ஹேண்டில்பார், குழாய்க்குள் மணலை அடைத்துச் சூடுகாட்டி வளைத்தது. இரண்டரை வருஷம்.

"பேசாம அந்த லேத்தையே கட்டியிருக்கலாம் நீங்க" என்பார் சித்தி.

"அது இவ்வளவு பேசாது" என்பார் இவர்.

பைக்குக்கு ஒரே ரசிகன் சித்தியின் தம்பி. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். எல்லோரும் அவனை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவே மாட்டான். சைக்கிளில் போகிற பிள்ளைகள்கூட அவனை முந்திக்கொண்டு டாட்டா காட்டும். "போறவங்க போகட்டும். என் முதுகுக்குப் பின்னாடி இருபது வீட்டுப் பிள்ளைங்க உக்காந்திருக்கு" என்பான்.

கடைசியில் மிச்சம் இருந்தது முன்சக்கர அச்சு. ஞாயிற்றுக்கிழமை வண்டியை வெளியே எடுக்கப்போவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் அச்சைக் கடைந்தார். ஒரு மயிரிழை கூடுதலாகக் கடைந்துவிட்டார். இறுக்கமாக உட்கார வேண்டிய பேரிங் லொடலொடவென்று ஆடியது.

என்ன செய்திருக்க வேண்டும்? அந்த இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கடைந்திருக்க வேண்டும். இவர் சென்டர் பஞ்சை எடுத்தார். கூர்முனை வைத்த சின்ன இரும்புத் தண்டு. அதை வைத்து அச்சைச் சுற்றிப் புள்ளி புள்ளியாகக் குத்தினால், ஒவ்வொரு புள்ளியின் விளிம்பும் கொஞ்சம் எழும்பும். பேரிங் கவ்விக்கொள்ளும். மாட்டிவிட்டால் வெளியே தெரியாது. விரிசல் விடுவதற்கும் அதைவிட வசதியான இடம் கிடையாது. அது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் குத்தினார்.

டக்... டக்... டக்... பன்னிரண்டு.

"என்ன மாமா சத்தம்?" கொட்டகைக்கு வெளியே நின்று ஆமை கேட்டான்.

"ஒண்ணுமில்லடா. இறுக்கிக்கிட்டு இருக்கேன்."

வண்டி ஓட ஆரம்பித்து எட்டாவது நாள். ஆமை வந்து நின்றான். "ஒரே ஒரு ரவுண்டு மாமா. மெதுவாத்தான் போவேன்." சித்தப்பா சாவியைக் கொடுத்தார். அதே குவாரிச் சாலை. அச்சு முறிந்து, முன்சக்கரம் தனியாக ஓடிப்போனது. அவன் தலை மைல்கல்லில் அடித்தது.

தகவல் கேட்டு முதலில் ஓடிப்போனவர் சித்தப்பாதான். ஓடிப்போய் எங்கே நின்றார் தெரியுமா? அவனிடம் இல்லை... சக்கரத்திடம். மூன்றாவது புள்ளியில் ஆரம்பித்த விரிசல் அப்படியே தெரிந்தது. உடைந்த அச்சை எடுத்துக் குவாரித் தண்ணீரில் வீசினார். ப்ளக் என்று ஒரு சத்தம். அதற்கப்புறம்தான் அவனைத் தூக்கி மடியில் வைத்தார்.

சித்தியிடம் என்ன சொன்னார்? "புது வண்டில்ல... ஆசையில வேகமா முறுக்கிட்டான். நான் எவ்வளவோ சொன்னேன்."

ஆமை வேகமாகப் போனானாம்! யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சித்திக்கு அழுகை நின்று கோபம் வந்தது. தம்பியின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி, பீரோவுக்குள் கவிழ்த்து வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து சித்தப்பா எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. நடைதான். மூன்று மாதம் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் அந்த மதியம்...

தட்... தட்... தட்... பின்னால் வருகிறது. பைக்காக இருந்தால் முந்திக்கொண்டு போக வேண்டும் அல்லவா? போகவில்லை. அவர் நடக்கிற வேகத்துக்கே வருகிறது. சூடான ஆயில் வாடை. அதோடு அவர் கையால் அடித்த பெயின்டின் வாடை. மூன்று கிலோமீட்டரும் அப்படியே. சாலை முடிகிற இடத்தில், காதுக்குப் பக்கத்தில் குரல்.

"மாமா... எவ்வளவு வேகத்துல வர்றேன்னு பாருங்க."

டக்.

வலது முழங்காலுக்குக் கீழே சுருக்கென்றது. திரும்பிப் பார்த்தால் வெறும் சாலை.

மறுநாளும் அதே நேரம், அதே குரல், இன்னொரு டக். நாளுக்கு ஒன்று. ஐந்தாவது நாள் சித்தியிடம் சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போனார். "உன் தம்பி..." என்று ஆரம்பித்தார்.

"அவன் பேச்சை எடுக்காதீங்க" என்றார் சித்தி.

"அப்பாடான்னு இருந்துச்சுடா" என்று பின்னால் நண்பனிடம் சொல்லி அழுதாராம். அச்சை வீசியபோதுகூட இவ்வளவு கேவலமாக உணரவில்லையாம். அந்த அப்பாடாதான் அவரைத் தின்றது.

பன்னிரண்டாவது நாள், அந்தச் சாலையில் நடந்துகொண்டிருக்கும்போதே விழுந்தார். மேடு பள்ளம் ஒன்றும் இல்லை. வலது கால் எலும்பு குச்சி மாதிரி முறிந்திருந்தது. டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு முன்னாடி இந்தக் கால்ல ஏதாவது ஆபரேஷன் பண்ணீங்களா?" என்று கேட்டார். முறிவை ஒட்டி, எலும்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பள்ளங்கள். வரிசையாக. நண்பன் எண்ணினான். பன்னிரண்டு. முறிவு ஓடியது மூன்றாவதன் வழியாக.

அன்றைக்குத்தான் சித்தப்பா அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். சித்திக்குத் தெரியக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு சொன்னார். அவன் என்னிடம் சொன்னான்.

இந்தத் திங்கட்கிழமை அவரைப் பார்க்க நான் போயிருந்தேன். சித்தி டீ கொடுத்தார். கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தார். என் பைக்கைப் பார்த்தார்.

"மெதுவாப் போங்க தம்பி. என் தம்பி வேகமாப் போய்த்தான் செத்தான்."

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் அந்தப் படத்தை வெளியே எடுத்திருப்பார். எனக்கு என்ன நஷ்டம்? தரையைப் பார்த்துக்கொண்டு, "சரிங்கக்கா" என்றேன்.

இன்று வெள்ளிக்கிழமை. அந்த மெழுகுவர்த்தியை இப்படிக் கொண்டுவாருங்கள். முழங்காலுக்குக் கீழே... ஆமாம், அங்கேதான். விரலை வைத்து எண்ணுங்கள். நான்கு இருக்க வேண்டும்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நேற்றும் நினைத்தேன். முடியவில்லை. அந்த வீடு எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். இப்போது உங்களுக்கும் எல்லாம் தெரியும். உங்களில் யாராவது ஒருவர் போய்ச் சொல்கிறீர்களா?

...ஏன் எல்லோரும் தரையைப் பார்க்கிறீர்கள்?