வெளியே போகாத இணைப்பு

உங்கள் டீ ஆறிக்கொண்டிருக்கிறது, ஏடு படிந்துவிட்டது, குடித்துவிடுங்கள் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அடுத்தவர் மேசையில் இருப்பதைப் பற்றிப் பேசுவது எனக்கு வழக்கமில்லை.

இந்த அறக்கட்டளையின் வக்கீல் நீங்கள்தான், பெயர் மதிவதனி என்று வாசலில் பார்த்தேன். நாளை ஆர்த்தி மீது போலீஸில் புகார் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டுத்தான் பஸ் ஏறி வேங்கிக்கால் வந்தேன். உங்கள் வண்டிக்காகக் காத்திருந்து பச்சையம்மாள் இறந்த அன்று அவர் மகன் ராஜேந்திரனுக்குப் போன மூன்று பதில்களின் கீழும் ஆர்த்தியின் பெயர் இருக்கிறது. தான் அனுப்பவில்லை என்கிறாள். நீங்கள் நம்பவில்லை. அதில் எனக்குத் தெரிந்த சில விஷயங்கள் உண்டு. முதலிலிருந்து சொன்னால்தான் புரியும்.

என் பெயர் ஃபரா. நானும் ஆர்த்தியும் ஆறு வருடம் செங்கம் சாலையில் ஒரு காபிக் கடையின் மாடியில் ஒற்றை அறையில் வேலை செய்தோம். ஆசிரமத்துக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதிகளுக்கு இணையதளம் செய்து கொடுப்பது தொழில். ஆட்களிடம் பேசுவது அவள், நிரல் எழுதுவது நான். எல்லா விடுதிக்காரர்களும் ஒரே மாதிரி முன்பதிவுதான் கேட்டார்கள். அதனால் அதைத் தனியாக ஒருமுறை எழுதி, எந்தத் தளத்திலும் பொருத்திக்கொள்ளும்படி வைத்தேன். இதை ப்ளகின் என்போம்.

ப்ளகினுக்குப் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. முதலில் செய்தவர் பெயர், அடுத்து அது செய்யும் வேலை. வெறும் மரியாதைக்காக இல்லை. நாங்கள் பயன்படுத்தும் கட்டமைப்பில் பெயர்தான் முகவரி. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம், பெயரைப் பார்த்து அதுவே போய் எடுத்துக்கொள்ளும். நூற்று எழுபது கோப்புகளும் என் பெயரில்தான் தொடங்கின.

"டம்ளர்ல பேரு, சார்ஜர்ல பேரு, இப்ப இதுலயுமா," என்று ஆர்த்தி சிரிப்பாள். "நாளைக்கு என் நெத்தியிலயும் எழுதிடுவியாடி?"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவளிடம் எதையும் மறைத்ததில்லை நான். ஈத் அன்று எங்கள் வீட்டில் முதல் தட்டு அவளுக்குத்தான் போகும்.

போன வருடம் அப்பாவின் இதய அறுவைக்காக இரண்டு மாதம் வேலூரில் இருந்தேன். திரும்பி வந்தபோது நூற்று எழுபது கோப்பிலும் ஆர்த்தியின் பெயர் இருந்தது. ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. ஊருக்குள் வேறு இடம் பிடித்து, தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கியிருந்தாள்.

"பேர்ல இன்னாடி இருக்குது? வேல ஓடுதுல்ல. கஸ்டமர்கிட்ட ரெண்டு பேரு சொன்னா கொழப்பம் ஜாஸ்தி," என்றாள். முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குப் புரியவில்லை. திருடுகிறவர்களுக்குக் கொஞ்சம் கூச்சம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு அவளுக்குப் பதினொரு செய்திகள் அனுப்பினேன். படித்துவிட்டாள் என்று நீலக் குறி வரும். பதில் வரவில்லை. பதில் இல்லாமல் காத்திருப்பது என்னவென்று எனக்குத் தெரியும் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உங்கள் தளம் வந்தது. கிராமங்களிலிருந்து டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துவரும் வண்டிக்கான முன்பதிவு. ஆர்த்தி என் ப்ளகினையே எடுத்துப் பொருத்தினாள். வண்டி பதிவு செய்யும் பக்கத்தில் 'உதவி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி எழுதினால் ஓட்டுநர் கலையரசனின் போனுக்குப் போக வேண்டும்.

போகாது. ஒரு ப்ளகினுக்குள் எழுதும் இணைப்பு அந்த ப்ளகினுக்குள்ளேயேதான் சுற்றும். கூட்டுக்குடித்தனத்தில் ஒரு மருமகள் தன் அறைக்குள் நின்று "அலமாரியில் வை" என்றால் அவள் அலமாரியைத்தானே சொல்கிறாள், அந்த மாதிரி. வெளியே இருக்கும் பெரிய தளத்துக்குப் போக வேண்டுமானால் 'இங்கே இல்லை, வெளியே' என்று ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும். ஆர்த்தி சேர்க்கவில்லை. அவளுக்கு அது தெரியாது, எழுதியவள் இல்லையே. என் ப்ளகினுக்குள் விடுதிக்காலத்து 'உதவி' ஒன்று பழையபடி இருந்தது, பொத்தான் அதைத்தான் திறந்தது. குழாயில் தண்ணீர் வரவில்லை, கொசு கடிக்கிறது என்று தங்க வந்தவர்கள் எழுதுவதற்காக வைத்தது. அதில் எழுதினால் எங்கள் பழைய நிறுவனத்தின் மின்னஞ்சல் பெட்டிக்கு வரும். என் பெயரை எல்லா இடத்திலும் அழித்தவள் அந்தப் பெட்டியை மறந்துவிட்டாள். நாங்கள் இருவருமே திறக்கக்கூடிய பெட்டி அது. திறந்துகொண்டிருந்தது நான் மட்டும்தான்.

சாதாரண நாட்களில் எதுவும் வராது, வண்டி நேரத்துக்கு வந்துவிடும். பௌர்ணமி அன்றுதான் வரும். கிரிவலத்துக்காகச் சாலைகளை அடைப்பார்கள், வண்டி வழி மாறும், எங்கே வந்து நிற்பது என்று கேட்பார்கள். ஓட்டும்போது ஓட்டுநருக்குப் போன் செய்யாதீர்கள், பொத்தானை அழுத்துங்கள் என்று நீங்கள்தான் சொல்லி வைத்திருந்தீர்கள்.

முதல் பௌர்ணமிக்கு ஏழு செய்திகள் வந்தன. படித்தேன். ஆர்த்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வார்த்தை சேர்த்துச் சரிசெய்துவிடுவாள், யாருக்கும் தெரியாமலே போய்விடும். அடுத்த மாதக் கடைசியில் உங்கள் அறக்கட்டளைக் கூட்டம் இருந்தது. அங்கே எல்லார் முன்னாலும் தெரிய வேண்டும், அந்த ப்ளகின் அவள் செய்ததில்லை என்று. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அந்த ஏழு பேரும் பௌர்ணமி நெரிசலில் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அடுத்த பௌர்ணமி உங்கள் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. மறுபடியும் பதில் இல்லையென்றால் யாராவது உங்களிடம் புகார் சொல்வார்கள், அவள் முன்கூட்டியே சரிசெய்துவிடுவாள் என்று தோன்றியது. அதனால் பெட்டியில் ஒரு தானியங்கிப் பதில் வைத்தேன். 'உங்கள் செய்தி கிடைத்தது. வண்டி வருகிறது. வீட்டிலேயே இருங்கள்.' கீழே ஆர்த்தி என்று போட்டேன். ப்ளகின் அவள் பெயரில் இருக்கும்போது பதில் மட்டும் எப்படி வேறு பெயரில் போகும்? முறை என்று ஒன்று இருக்கிறது.

ராஜேந்திரன் காலை எட்டரைக்கு எழுதினார். "அம்மாக்கு டயாலிசிஸ். எங்க வந்து நிக்கணும் சொல்லுங்க." தானாகவே பதில் போனது.

பத்தே காலுக்கு மறுபடி. "இன்னும் வரல. போன வாரமும் டயாலிசிஸ் ஒரு வாட்டி விட்டுப்போச்சு. ஆட்டோ புடிச்சு வந்துடட்டா?"

இதில் நீங்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தானியங்கிப் பதில் ஒரே ஆளுக்கு ஒரு நாளில் இரண்டாவது முறை போகாது. மின்னஞ்சல் பெட்டிகளில் அப்படி ஓர் ஏற்பாடு உண்டு, தொல்லையாக இருக்கக்கூடாது என்று. அதனால் இரண்டாவதை நான்தான் தட்டச்சு செய்தேன். 'ஆட்டோ வேண்டாம். வண்டி கிளம்பிவிட்டது. ஆர்த்தி.' அவர் பதில் இல்லாமல் காத்திருக்கக்கூடாது என்று பட்டது.

ஒன்றரை மணிக்கு மூன்றாவது வந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அம்மாக்கு மூச்சு வாங்குது. தயவுசெஞ்சு எதனா சொல்லுங்க."

கை கழுவிவிட்டு வந்து எழுதினேன். 'பக்கத்தில் வந்துவிட்டது. காத்திருங்கள். ஆர்த்தி.'

நாலு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் வண்டியில் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியிலேயே முடிந்துவிட்டது என்று பேப்பரில் படித்தேன். ராஜேந்திரன் நாலாவது செய்தி அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அதற்கும் பதில் சொல்லியிருப்பேன். ஆர்த்தி மாதிரி நான் யாரையும் பதில் இல்லாமல் விட்டுவிட மாட்டேன்.

நான் சொல்லச் சொல்ல நீங்கள் தட்டச்சு செய்ததைப் படித்துப் பார்த்தேன். பிழை இல்லை, சுத்தமாக இருக்கிறது. இப்போது பேனாவை என் பக்கம் தள்ளுகிறீர்கள்.

"கீழ ஒரு கையெழுத்து போடுங்கம்மா. நீங்க சொன்னதுக்கு வேற சாட்சி இல்ல. இல்லாட்டி நாளைக்கு அந்தப் பொண்ணுதான் உள்ள போவும்."

தெரியும். அதை யோசித்துக்கொண்டுதான் வந்தேன். நடந்ததை யாராவது ஒருவர் முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று இருந்தது. தெரிந்துகொண்டீர்கள், அது போதும்.

மன்னியுங்கள் மேடம், கையெழுத்துப் போட முடியாது. அது ஆர்த்தியின் ப்ளகின். நூற்று எழுபது கோப்பையும் திறந்து பாருங்கள், அதில் எங்கேயும் என் பெயர் இல்லை.